மெய்ப்பாட்டும் விலைப்பாட்டும்

தன் சொல்லைப் பாடுகிறவன் மெய்யான பாவலனா, தன் வாழ்வைப் பாடுகிறவன் மெய்யான பாவலனா? இரண்டும் ஒன்றுதானே என்று முதற் பார்வைக்குத் தோன்றும். ஆயின் ஒன்றன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால் ஓர் இசை மரபு அரை நூற்றாண்டுக் காலத்தில் என்ன பாடு பட்டது என்பதை அமெரிக்க நாட்டின் ஹிப்-ஹாப் வரலாற்றில் காணலாம். அந்த வழக்கு முதலில் தெருவில் நடந்தது. பிறகு இசைத்தட்டுக் கடைக்குச் சென்றது. இறுதியில் நீதிமன்றத்திலேயே போய் நின்றது.

நம் இல்லத்து வாலிபர்கள் காதில் செருகிக்கொண்டு தலையசைத்துக் கேட்கும் இந்தப் பாட்டை வெறும் கூச்சல் என்று ஒதுக்கும் பெரியவர்கள் உளர். அந்தக் கூச்சலுக்குள் நடைபெறும் வாதம் நம் புலவர் மரபு நன்கறிந்த வாதமே என்று தெரிந்தால் அவர்கள் வியப்படைவர். ராப் என்பது தாளத்திற்கு இசைய, எதுகையும் இயைபும் தொடுத்து, விரைந்து சொல்லும் சொல்லடுக்கு. அதனையும், அதற்குரிய தாள இசையையும், ஆட்டத்தையும், சுவரோவியத்தையும் உள்ளடக்கிய பெரும் பெயரே ஹிப்-ஹாப். இதன் அன்பர்கள் தம் பாட்டை இரு கூறாகப் பிரிப்பர். பெருங்கம்பெனிகள் வெளியிட்டு வானொலியும் தொலைக்காட்சியும் பரப்புவது ஒன்று. அதனைப் பெருவழிப் பாட்டு என்போம். சிற்றரங்குகளிலும், கைமாறும் ஒலிநாடாக்களிலும், நள்ளிரவு வானொலியிலும் வாழ்வது மற்றொன்று. அதனை ‘அண்டர்கிரவுண்டு’ என்பர், நாம் நிலத்தடிப் பாட்டு என்று சொல்லலாம். நிலத்தடியில் இருப்பதே மெய், பெருவழியில் போவதெல்லாம் பொய் என்பது அந்த உலகத்தின் எழுதாச் சட்டம். இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

நியூயார்க் நகரின் வடபகுதி பிராங்க்ஸ் எனப்படும். நகரமைப்பாளர் ராபர்ட் மோசஸ் வகுத்த கிராஸ்-பிராங்க்ஸ் நெடுஞ்சாலை குடியிருப்புகளின் நடுவே வெட்டிச் செல்ல, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. 1970களில் அப்பகுதியின் தெருத் தெருவான கட்டடங்கள் தீக்கிரையாயின. அத்தகைய பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடி வீட்டில், 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், சிண்டி கேம்ப்பெல் என்னும் மாணவி, பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் திரட்டுவதற்காக ஒரு விருந்து நடத்தினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து குடியேறிய அந்த இளைஞரே பின்னர் கூல் ஹெர்க் என்று புகழ் பெற்றார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் வைத்து, பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி, ஆடுவோர் களைக்கும்வரை நீட்டித்தது அவர் கண்ட உத்தி. அந்தத் தாளத்தின்மேல் கூட்டத்தை உற்சாகப்படுத்தச் சொன்ன சொற்களே வளர்ந்து ராப் ஆயின. தொடக்க விருந்திலேயே நுழைவுக் கட்டணம் இருந்தது என்பதை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். காசு தொடாத பொற்காலம் என்று ஒன்று இந்த மரபில் இருந்ததில்லை.

1973 முதல் 1979 வரை ஆறு ஆண்டுகள் இந்தக் கலைக்கு இசைத்தட்டே இல்லை. பல மணி நேரம் ஓடும் விருந்தை ஒரு தட்டில் அடைக்கலாம் என்று எவரும் எண்ணவில்லை. பூங்காக்களிலும் மண்டபங்களிலும் பதிவு செய்த ஒலிநாடாக்கள் கைமாறித் திரிந்தன, அவ்வளவே. அந்த ஆண்டுகளில் ‘மெய்’ என்பதற்கு ஒரே பொருள்தான்: பாடும் சொல் உன் சொந்தச் சொல்லாக இருக்க வேண்டும். பிறர் வரியை எடுத்துப் பாடுகிறவனைக் ‘கடிப்பவன்’ என்று இகழ்ந்தனர். நம் பாட்டியல் நூலார் பிறர் பாட்டைத் தன் பாட்டென்பானைக் கள்ளக்கவி என்று வகைப்படுத்தியதை இங்கு நினைக்கலாம். பாடுகிறவன் திருடனா, நல்லவனா, ஏழையா, செல்வனா என்று பிராங்க்ஸ் கூட்டம் கேட்கவில்லை. நேற்று எவனோ சொன்னதை இன்று நீ சொல்லாதே என்பதே அங்கு நியாயம்.

அந்த நியாயத்தை மீறியே முதற் பெரும் இசைத்தட்டு பிறந்தது என்பது வரலாற்றின் குறும்பு. நியூ ஜெர்ஸியின் எங்கில்வுட் ஊரில் சுகர் ஹில் என்னும் சிறிய கம்பெனி நடத்தியவர் சில்வியா ராபின்சன் அம்மையார். தாமே பாடகியாக இருந்தவர். இந்தப் புதிய பாட்டைத் தட்டில் ஏற்றினால் விலைபோகும் என்று முதலில் கண்டவர்களுள் அவர் தலையாயவர். பிராங்க்ஸின் பேர்பெற்ற பாவலர்களை அவர் தேடிப் போகவில்லை. தம் ஊரிலேயே மூன்று இளைஞர்களைத் திரட்டி ‘சுகர்ஹில் கேங்’ என்று பெயரிட்டார். அவர்களுள் ஒருவர் பிக் பேங்க் ஹேங்க். பீஸா கடையில் வேலை பார்த்தவர். பிராங்க்ஸின் சிறந்த பாவலர்களுள் ஒருவரான கிராண்ட்மாஸ்டர் காஸுக்கு அவர் நிர்வாகியாகவும் இருந்தார். வாய்ப்பு வந்ததும் காஸிடம் போய் அவருடைய பாட்டு நோட்டை வாங்கிக்கொண்டார். 1979இல் வெளிவந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ தட்டில் ஹேங்க் பாடும் பகுதியில், காஸின் பழைய மேடைப் பெயரே எழுத்தெழுத்தாக ஒலிக்கிறது. பிறர் பாட்டின் முத்திரை அடியை மாற்றக்கூட நினையாமல் பாடிவிட்டார்! அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 36ஆம் இடம் வரை ஏறியது. முதல் நாற்பதுக்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு அதுவே. காஸுக்குப் பாட்டெழுதியவர் என்ற பெயரும் கிட்டவில்லை, பணமும் கிட்டவில்லை. பின்னணி இசையோ, அவ்வாண்டே வந்த ‘சிக்’ குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது. அதன் ஆசிரியர்களான நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கறிஞர் துணையோடு தம் பெயரைச் சேர்க்கச் செய்தனர். வழக்கறிஞர் உள்ளவருக்குப் பெயர் கிடைத்தது. நோட்டு மட்டும் உள்ளவருக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை பார்த்தால் பெருவழி பொய், நிலத்தடி மெய் என்ற கட்சியே வென்றது போலத் தோன்றும். ஆனால் அதே சுகர் ஹில் கம்பெனியின் அடுத்த கதையைக் கேளுங்கள்.

1982இல் ‘தி மெசேஜ்’ என்ற பாட்டு வெளிவந்தது. இடிந்த வீடுகளையும், கடனையும், பித்துப் பிடிக்க வைக்கும் நெருக்கடியையும் அது பாடியது. அதுவரை கொண்டாட்டமும் சவடாலுமாக இருந்த ராப் பாட்டில் வறுமையின் முகத்தை நேராகக் காட்டியது அதுவே என்று பலரும் போற்றுவர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது, அதில் இடம்பெற்ற முதல் ஹிப்-ஹாப் பாட்டும் இதுதான். தட்டின்மேல் உள்ள பெயர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷும் அவருடைய ஐவர் குழுவும். பிளாஷ் பிராங்க்ஸின் மெய்யான மைந்தர். தட்டுச் சுழற்றும் கலையில் ஆசான். இருந்தும் இந்தப் பாட்டில் அவர் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எழுதியவர் எட் பிளெச்சர் என்னும் கம்பெனி இசைக்கலைஞர். நியூ ஜெர்ஸியின் எலிசபெத் நகரத்தவர், கல்லூரிப் பட்டதாரி. குழுவினர் இந்தப் பாட்டை விரும்பவில்லை. விருந்துக்கு வருகிறவன் வீட்டுத் துயரத்தைக் கேட்கவா வருகிறான் என்பது அவர்கள் எண்ணம். வற்புறுத்தியவர் வணிகரான சில்வியா அம்மையார். இறுதியில் குழுவிலிருந்து மெல்லி மெல் ஒருவரே பிளெச்சரோடு சேர்ந்து பாடினார். கடைசிப் பகுதி அவருடையது. அதுவும் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தட்டில் அவரே பாடியிருந்தது.

ஆக, பிராங்க்ஸின் துயரத்தை உலகறியச் செய்த பாட்டு, பிராங்க்ஸ் குழுவின் விருப்பத்துக்கு மாறாக, ஒரு வணிகரின் வற்புறுத்தலால், வெளியூர்ப் பட்டதாரி ஒருவரின் பேனாவில் பிறந்தது. அதனால் அது பொய்ப்பாட்டு ஆகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. சொல் அவருடைய சொந்தச் சொல், கண்டது உண்மை. கேட்டவர்கள் தம் தெருவை அதில் கண்டுகொண்டார்கள்.

எனினும் அந்தப் பாட்டின் வெற்றி ஒரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. துயரமும் விலைபோகும் என்று சந்தை கற்றுக்கொண்டது. அதன்பின் பாவலனிடம் கேட்கப்பட்ட கேள்வி மெல்ல மெல்ல மாறிற்று. ‘இது உன் சொல்லா?’ என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போய், ‘இது உன் வாழ்வா?’ என்ற புதிய கேள்வி முன்னுக்கு வந்தது.

இந்த மாற்றத்தைக் காட்டும் தெளிவான உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த காம்ப்டனின் என்.டபிள்யூ.ஏ. குழு. அதன் தலைவர் ஈஸி-ஈ போதைப்பொருள் விற்றுச் சேர்த்த பணத்தில் இசைக் கம்பெனி தொடங்கினார் என்பது அந்தக் குழுவே பறைசாற்றிய செய்தி. 1987இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதற் பாட்டை எழுதியவர் ஐஸ் கியூப். எழுதிய இளைஞரோ அவ்வாண்டே அரிஸோனா சென்று கட்டட வரைபடக் கலை பயின்றவர். வாழ்வு ஒருவருடையது, சொல் மற்றொருவருடையது! பழைய பிராங்க்ஸ் நியாயப்படி இங்கே பாவலர் ஐஸ் கியூப்தான். ஈஸி-ஈ இரவல் வாய். புதிய சந்தை நியாயப்படி ஈஸி-ஈயே ‘மெய்யானவர்’. ஏனெனில் தெரு வாழ்வு அவருடையது. 1988இன் அவர்கள் தொகுப்பை வானொலிகள் பெரும்பாலும் தவிர்த்தன. காவலரை ஏசும் பாட்டுக்காக 1989இல் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் உயர் அலுவலர் ஒருவர் அக்குழுவின் இசைத்தட்டைப் பரப்பிய கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். கடிதத்தால் விற்பனை குறையவில்லை, விளம்பரம்தான் மிகுந்தது.

1991 மே மாதம் மற்றொன்று நிகழ்ந்தது. அதுவரை கடைக்காரர்களை விசாரித்துக் கணித்துவந்த விற்பனைப் பட்டியலை, கடைகளின் கணிப்பொறி எண்ணிக்கையைக் கொண்டே ‘பில்போர்டு’ இதழ் வெளியிடத் தொடங்கியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.யின் புதிய தொகுப்பு நாட்டின் முதலிடத்தில் நின்றது. வானொலி ஒதுக்கியது, அரசு அதிகாரி கண்டித்தது, எண்ணிப் பார்த்தால் நாட்டிலேயே மிகுதியாக விற்பது! வாங்கியவர் அனைவரும் காம்ப்டன் தெருக்காரர் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும். தாம் காணாத தெருவின் கதையைப் புறநகர் வீட்டில் அமர்ந்து கேட்பவர்களுக்குச் சொல்லின் நயத்தைவிட, ‘இது நடந்த கதை’ என்ற உறுதிமொழியே பெரிதாயிற்று. இதற்கு முன்னாண்டே வனிலா ஐஸ் என்ற டெக்ஸாஸ் மாநில வெள்ளை இளைஞரின் பாட்டு, விற்பனைப் பட்டியலின் தலைமை இடத்தை அடைந்த முதல் ராப் பாட்டாகியிருந்தது. தெருவில் வளர்ந்தவர் என்று அவரைப் பற்றி அச்சிட்ட வாழ்க்கைக் குறிப்பு செய்தித்தாளில் அம்பலமானதும் அவர் புகழ் உதிர்ந்தது. அவர் பாட்டு நன்றா தீதா என்று வாதிட்டவர் மிகச் சிலரே.

இந்த நிலையில்தான் நிலத்தடி என்பது தனிக் கொடியுடன் எழுந்தது. அதற்குச் சட்டத்தின் பங்கும் உண்டு. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே கம்பெனி நாடு முழுவதிலும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கிவிட்டது. ஏறத்தாழ 40 நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200க்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அதிபதியாயிற்று. ஒரே பட்டியல் ஊரூராக ஒலித்தது. உள்ளூர்ப் பாவலனுக்கு உள்ளூர் வானொலியிலும் இடமில்லை என்றானபின், அவன் நிலத்தடிக்குப் போவதன்றி வேறென் செய்வான்?

நிலத்தடி அரங்குகளுள் நம் மனத்தைக் கவர்வது லாஸ் ஏஞ்சல்ஸின் ‘குட் லைஃப்’. அது ஓர் உடல்நல உணவுக் கடை. 1989இன் இறுதி முதல் வியாழக்கிழமை இரவுகளில் அங்கே மேடை திறந்திருக்கும். யாரும் ஏறிப் பாடலாம். ஒரே நிபந்தனை, வசைச் சொல் கூடாது! மீறினால் இறங்க வேண்டும். பாட்டு சலித்தால், ஒலிவாங்கியைக் கொடுத்துவிடு என்று அவையே குரலெழுப்பும். என்.டபிள்யூ.ஏ. புகழின் உச்சியில் நின்ற அதே நகரில், அதே ஆண்டுகளில் இது நடந்தது. வசை விலைபோன காலத்தில், வசைக்குத் தடை இருந்தது நிலத்தடியில்தான். ராப் என்றாலே ஆபாசம் என்று முடிவு கட்டிய நம் பெற்றோர் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். வசையின் உதவி இல்லாதபோது சொல்லைத் தேட வேண்டியதாயிற்று, தேடியவர்கள் கண்டடைந்தார்கள். அந்த மேடையில் வளர்ந்த ‘ஃப்ரீஸ்டைல் ஃபெலோஷிப்’ குழு ஜாஸ் இசைக் கருவியைப் போல் குரலை ஏற்றி இறக்கிப் பாடியது. 1993இல் வெளிவந்த தம் தொகுப்பின் பெயரில், மேற்கு ஆப்பிரிக்கப் பாணர்களான ‘கிரியோ’க்களோடு அவர்கள் தம்மை இணைத்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக வானொலி 1990 முதல் 1998 வரை வியாழன் நள்ளிரவு கடந்து விடியுமுன் வரை ஒரு ராப் நிகழ்ச்சி நடத்தியது. ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ என்னும் இருவர் நடத்திய அதில், கம்பெனி ஒப்பந்தமில்லாத இளைஞர்கள் வந்து பாடினர். பின்னாளில் பெருவழியின் பேரரசர்களான நாஸ், ஜே-ஸீ, எமினெம் ஆகியோர் அந்தச் சிறிய அறையில் பாடிச் சென்றவர்களே. நிலத்தடியும் பெருவழியும் இரு வேறு சாதியார் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கூடி நின்று வட்டமாக, ஒருவர்பின் ஒருவர் முன்னேற்பாடின்றிப் பாடும் வழக்கத்தை ராப் உலகம் ‘சைஃபர்’ என்கிறது. இச்சொல் ‘ஐந்து விழுக்காட்டினர்’ என்னும் குழுவின் வழக்கிலிருந்து பாட்டுக்குள் வந்ததாகக் கூறுவர். 1964இல் ஹார்லெமில், ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தினின்று விலகிய கிளாரன்ஸ் 13எக்ஸ் தொடங்கிய குழு அது. கறுப்பின மனிதனே இறைவன் என்னும் அவர்கள் கொள்கை இஸ்லாத்தின் ஏகத்துவத்துக்கு முற்றிலும் புறம்பானது. அவர்களுள் பலரும் தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதுமில்லை. ஆயினும் சுழியத்தைக் குறிக்க அவர்கள் கையாண்ட சொல் அரபு மொழியின் ‘ஸிஃப்ர்’ ஆகும். அது ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் புகுந்து, நம் கணக்கு வாத்தியார் வழியாகத் ‘தேர்வில் சைபர்’ என்று தமிழுக்கும் வந்து சேர்ந்தது. பிராங்க்ஸ் தெரு முனையில் நிற்கும் வட்டமும் நம் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஒரே அரபுச் சொல்லின் இரு பேரப்பிள்ளைகள்! அந்தக் குழுவைச் சார்ந்த ராகிம், 1987இல் எரிக் பி.யோடு வெளியிட்ட தொகுப்பில் ராப்பின் யாப்பையே மாற்றினார். அடியிறுதி இயைபோடு நில்லாமல் அடிக்குள்ளேயே ஒலிகளைப் பின்னிப் பின்னிச் சென்றார்; உரக்கக் கத்தாமல் அமைதியாகச் சொன்னார்.

1990களின் பிற்பாதியில் நிலத்தடியின் கொடி ‘ராக்கஸ்’ கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனி ஃப்ளோ குழுவின் 1997ஆம் ஆண்டுத் தொகுப்பு, பெருங்கம்பெனிகளுக்கு அடிபணியோம் என்பதையே முழக்கமாகக் கொண்டது. அடுத்த ஆண்டு மோஸ் டெஃப், தாலிப் குவெலி இருவரும் ‘பிளாக் ஸ்டார்’ என்ற பெயரில் பாடினர்; மார்க்கஸ் கார்வி கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கப்பல் கம்பெனியின் பெயர் அது. தாலிப் என்பது நாம் அறிந்த சொல்தான்: தேடுகிறவன், மாணவன். 1999இல் மோஸ் டெஃப் தனியாக வெளியிட்ட தொகுப்பு ‘பிஸ்மில்லாஹ்’ கூறித் தொடங்குகிறது. அவர் பின்னர் யாஸீன் பே என்று பெயரும் மாற்றிக்கொண்டார். இவை நிலத்தடியின் உயர்ந்த ஆக்கங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ராக்கஸ் கம்பெனிக்கு முதல் போட்டவர் யார்? உலகின் பெரும் செய்தித்தாள் அதிபர் ரூபர்ட் முர்டாக்கின் மகன் ஜேம்ஸ் முர்டாக். 2000இல் ஸ்டார் தொலைக்காட்சியின் தலைமைக்கு வந்த அதே ஜேம்ஸ்தான். பெருங்கம்பெனிகளை ஏசும் பாட்டுக்குப் பெருங்கம்பெனி வீட்டுப் பணம்! அன்பர் பலர் இதனை அறிந்து மனம் நொந்தனர். நாம் அவ்வளவு நோக வேண்டியதில்லை. சீதக்காதியும் அபுல் காஸிம் மரைக்காயரும் பொருள் தந்ததனால் உமறுப் புலவரின் பாட்டு பொய்யாகிவிடவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: வள்ளல் கொடுத்தது திரும்பி வருமென்று கொடுத்ததன்று, முதலாளி போட்டது பெருகி வர வேண்டும். பெருகாதபோது ராக்கஸ் தேய்ந்தது. கம்பெனி ஃப்ளோவின் எல்-பி மனம் கசந்து வெளியேறித் தமக்கென ஒரு கம்பெனி தொடங்கினார்.

2003இல் ஜே-ஸீ ஒரு பாட்டில் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். கூட்டத்துக்காகத் தம் சொல்லை எளிமையாக்கியே பொருள் ஈட்டினார் என்றும், நயத்துக்குச் சந்தையில் விலை இருக்குமாயின் குவெலியைப் போல் பாடியிருப்பார் என்றும் பெயர் சொல்லியே பாடினார். அடுத்த ஆண்டே குவெலியும் தம் பாட்டில் ஜே-ஸீயின் பெயரைச் சொல்லி விடையிறுத்தார்: நயம் விலைபோனால் நானும் அவரைப் போல் செல்வனாகியிருப்பேன் என்பது அதன் கருத்து. நம் லாவணிக்காரர் எசப்பாட்டுப் போல இது நடந்தது. ஜே-ஸீயின் ஒப்புதலில் உள்ள நேர்மை, தம் நிலத்தடி வறுமையையே பட்டயமாகக் காட்டிக்கொண்ட பலரிடம் இல்லை. இதே ஜே-ஸீயின் 1996ஆம் ஆண்டு முதல் தொகுப்பு அவரும் நண்பர்களும் சொந்தமாகத் தொடங்கிய சிறு கம்பெனியில் வந்தது. அதன் நயத்தை மெச்சாத நிலத்தடி அன்பர் அரியர்.

‘வாழ்வு’ என்ற கேள்வி எவ்வளவு உள்ளீடற்றது என்பதை 2008 காட்டிற்று. ரிக் ராஸ் என்ற பாடகர் பெரும் போதைப்பொருள் வணிகராகத் தம்மைக் காட்டிப் பாடிப் புகழ் பெற்றவர். அந்தப் பெயரே, சிறை சென்ற ஒரு மெய்யான போதை வணிகரின் பெயர். பாடகரோ முன்னர் புளோரிடா மாநிலச் சிறையில் காவல் அலுவலராகப் பணியாற்றியவர் என்று அவ்வாண்டு வெளியாயிற்று. சிறையில் இருந்தவர்தாம், ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம்! முதலில் மறுத்தார், பின்னர் ஒப்பினார். வனிலா ஐஸ் போல வீழ்வார் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். அடுத்த ஆண்டு அவர் தொகுப்பு முதலிடத்தில் நின்றது. பெயருக்குரிய மெய்யான மனிதர் வழக்குத் தொடுத்தார். 2013இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், பாடகர் அந்தப் பெயரைக் கொண்டு கற்பனையாகப் புதியதொன்றைப் படைத்திருக்கிறார், அது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதாவது, பாட்டு கற்பனை என்று நீதிமன்றமே ஏற்றது.

எல்லா நீதிமன்றங்களும் எல்லாப் பாடகரையும் அப்படிப் பார்க்கவில்லை. இங்கேதான் மெய், பொய் என்னும் இந்த வாதம் விளையாட்டு அல்லாததாகிறது. ‘நான் பாடுவதெல்லாம் நடந்தது’ என்பது சந்தையில் பாவலன் காட்டும் முத்திரை. அதே முத்திரையை அரசு வழக்கறிஞர் எடுத்துக்கொண்டு, ‘அவனே சொல்லிவிட்டான், நடந்தது’ என்று ஒப்புதல் வாக்குமூலமாக்கினார். நியூ ஜெர்ஸியில் கொலை முயற்சி வழக்கொன்றில், குற்றம் சாட்டப்பட்ட இளைஞன் எழுதிவைத்த ராப் வரிகள் 13 பக்கம் ஜூரிகள் முன் படிக்கப்பட்டன. அவற்றுள் பல அந்தச் சம்பவத்துக்கு நெடுங்காலம் முன் எழுதியவை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துச் செய்ததை 2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பாப் மார்லி தம் பாட்டில் ஷெரீபைச் சுட்டதாகப் பாடியதனால் மெய்யாகவே சுட்டார் என்று எவரும் நினைப்பதில்லை என்று நீதிபதிகள் சுட்டிக் காட்டினர். அந்த இளைஞனுடைய வரிகள் கம்பெனித் தட்டில் ஏறியவை அல்ல, நோட்டில் கிடந்தவை. நிலத்தடியிலும் நிலத்தடியான பாட்டு!

2022 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் யங் தக் என்ற புகழ்பெற்ற பாடகரும் அவர் கூட்டாளிகளும் குற்றக் கும்பலாகச் செயல்பட்டனர் என்று குற்றம் சாட்டப்பட்டனர். குற்றப் பத்திரிகையிலேயே பாட்டு வரிகள் சான்றாக இடம்பெற்றன. அடுத்த ஆண்டு, நிபந்தனைகளோடு பல வரிகளைச் சான்றாக ஏற்க நீதிபதி இசைந்தார். அம்மாநில வரலாற்றிலேயே மிக நீண்ட குற்ற விசாரணையாக அது நீண்டது. 2024 அக்டோபரில் யங் தக் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு, சிறையில் கழித்த காலத்தோடு விடுதலையாகிக் கண்காணிப்பின்கீழ் வைக்கப்பட்டார். இந்த வழக்கு எழுப்பிய ஆரவாரத்தின் நடுவே, 2022 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலம் படைப்புகளை எளிதில் சான்றாக்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது.

பழைய பிராங்க்ஸ் கேள்வியும் செத்துவிடவில்லை. 2015இல் மீக் மில் என்ற பாடகர், விற்பனையில் முன்னணியில் நின்ற டிரேக் பிறர் எழுதித் தந்த வரிகளைப் பாடுகிறார் என்று குற்றம் சாட்டியபோது எழுந்த புயல், 1979இல் காஸ் இழந்த நோட்டின் எதிரொலியே. டிரேக் விற்பனையில் குறைந்துவிடவில்லை. எனினும் ‘இது உன் சொல்லா?’ என்ற கேள்வி அவரை விட்டு நீங்கவுமில்லை. 2024இல் கென்ட்ரிக் லமாருடன் அவருக்கு மூண்ட பாட்டுப் போரில் அதுவும் ஓர் அம்பாக எய்யப்பட்டது. கென்ட்ரிக், 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர், பெருங்கம்பெனிப் பாடகரே. அவரது ஏசற்பாட்டு ஒன்று டிரேக்கைக் கொடுங்குற்றம் செய்தவராகக் காட்டிற்று. டிரேக் 2025 ஜனவரியில், இருவருடைய பாட்டையும் வெளியிட்டுவந்த யுனிவர்சல் கம்பெனியின்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பாட்டுப் போரின் சூட்டில் ஒருவரையொருவர் ஏசும் வரிகளை, நடந்த செய்தியென்று விவேகமுள்ள எவரும் கொள்ளமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். நியூ ஜெர்ஸி இளைஞனின் நோட்டைக் கேட்ட ஜூரிகளுக்கு அப்படிச் சொல்ல அன்று அந்த அறையில் ஒரு நீதிபதி இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகும்வரை அவன் சிறையில் இருந்தான்.